மழைக்கு முன்னே முடிக்க வேண்டிய வேலை: மட்டக்களப்பு, அம்பாறை பல்கலைக்கழக வளாகங்களுக்கான அவசரகால ஆயத்த வழிகாட்டி

2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்ததற்கும் கிழக்குக் கரையில் முதல் அலை ஏறியதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லும் எச்சரிக்கை எங்கிருந்தும் வரவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டமாக அம்பாறை ஆனது. பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது, இந்து சமுத்திரத்துக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை முறைமையும் உருவானது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வெளியானது, கரையோர மக்கள் உள்நோக்கி நகர்ந்தார்கள், பேரலை வரவில்லை. ஆகவே கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகம் வரை செய்தி வரும் பாதை இன்று இருக்கிறது. அதற்குப் பிந்திய துண்டுதான் பலவீனமானது: நிர்வாகக் கட்டடத்திலிருந்து விடுதியின் கடைசி அறை வரை, வெளியே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவி வரை. அந்தத் துண்டுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு. பதிவாளர்கள், பீடாதிபதிகள், விடுதிக் காப்பாளர்கள், மாணவர் ஒன்றியப் பொறுப்பாளர்கள் ஆகியோர் அதனை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதே இங்கு படிப்படியாக விளக்கப்படுகிறது.

முதற்படி: நின்றுகொண்டிருக்கும் நிலத்தை அறிதல்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் வந்தாறுமூலையில் திருகோணமலை வீதியை ஒட்டியிருக்கிறது. அதன் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பு நகரில் உள்ளது. சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமோ கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தில் உள்ளது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் கடற்கரையை அண்டியும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறை வயல்வெளிகளுக்கு நடுவிலும் அமைந்துள்ளன. இந்த இடங்களின் ஆபத்துகள் ஒன்றல்ல. கல்லடிக்கும் ஒலுவிலுக்கும் கடலே முதல் கவலை; வந்தாறுமூலைக்கு வெள்ளமும் வீதி துண்டிக்கப்படுவதும்; சம்மாந்துறைக்கு வெள்ளத்தோடு இரவில் வயலில் இறங்கும் யானையும். ஒரே ஆவணத்தைப் பிரதி எடுத்து எல்லா இடங்களுக்கும் அனுப்பிவைத்துவிட்டுத் திட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. வளாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்துக்கு மேற்படாத தனி ஆபத்துக் குறிப்பு தேவை.

அந்தக் குறிப்பை எழுதும்போது மழையை வளாகத்தின் வானத்தில் மட்டும் தேடக் கூடாது. மட்டக்களப்பின் தாழ்நிலங்களுக்கு வரும் வெள்ளத்தின் பெரும்பகுதி மேற்கிலிருந்து இறங்குவது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படும்போது, வளாகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வீதி நீரில் மூழ்கலாம். ஆகவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்போடு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வான்கதவு அறிவித்தலையும் பார்க்கும் பொறுப்பு ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை நமக்குப் பெரிய குழப்பமில்லை. சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது 1978 நவம்பர் 23 அன்று. இரு மாவட்டங்களையும் மூழ்கடித்த பெருவெள்ளம் 2011 ஜனவரியில். காரைதீவு, மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது 2024 நவம்பரில். நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதங்களே பெரும் ஆபத்துக் காலம் என்பதால், கீழே வரும் வேலைகள் யாவும் செப்டெம்பர் முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஒக்டோபரில் குழு அமைத்து, நவம்பரில் முதற் கூட்டம் கூடுவது வழக்கமான நிர்வாக வேகம். மழை அதற்காகக் காத்திருப்பதில்லை.

இரண்டாம் படி: யார் முடிவெடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதனைச் செய்யுங்கள். போயா விடுமுறைக்கு முந்திய இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துணைவேந்தர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்காகச் சென்றிருக்கிறார். பதிவாளரின் கைபேசி அணைந்திருக்கிறது. விடுதியில் இருப்பவர்கள் ஓர் உப காப்பாளரும் வாயிற் காவலரும் மட்டுமே. மாணவர்களை எழுப்பி வெளியேற்ற அந்த உப காப்பாளருக்கு அதிகாரம் உண்டா? அது எழுத்தில் இல்லாவிட்டால் அவர் யாரையாவது அழைத்து அனுமதி கேட்பார். அவர் பயந்தவர் என்பதால் அப்படிச் செய்வதில்லை; காரணம் வேறு. நமது நிர்வாகப் பண்பாடு அப்படிப் பழக்கியிருக்கிறது.

ஆகவே பேரவை அல்லது துணைவேந்தர் கையொப்பமிட்ட ஒரு குறுகிய கட்டளை முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். அதில் இரண்டு விடயங்கள் இருந்தால் போதும். முதலாவது, உயிராபத்து உள்ளபோது அந்த இடத்தில் கடமையிலிருக்கும் மூத்தவர், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், வெளியேற்றத்தைத் தொடங்கலாம். பின்னர் அது தேவையற்றதாகத் தெரியவந்தாலும் அதற்காக அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது. இரண்டாவது, எந்த அறிகுறிக்கு எந்தச் செயல் என்ற அட்டவணை. சுனாமி எச்சரிக்கை வெளியானால் உடனே வெளியேற்றம். சூறாவளி எச்சரிக்கை வெளியானால் விரிவுரைகள் நிறுத்தம், அனைவரும் குறிக்கப்பட்ட உறுதியான கட்டடத்துக்குள். குறித்த வீதியில் குறித்த மதகுக்கு மேல் நீர் ஏறினால் பஸ் சேவை நிறுத்தம். அட்டவணை எவ்வளவு வறட்டுத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதில் விவாதத்துக்கு இடமிருந்தால் இரவு இரண்டு மணிக்கு விவாதம் நடக்கும்.

வெளியேற்றத்தைத் தொடங்கும் அதிகாரம் பலரிடம் இருக்கலாம். திரும்பி வரலாம் என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அவரும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் உறுதிப்படுத்தலுக்குப் பின்னரே அதனைச் சொல்ல வேண்டும். சுனாமியில் முதல் அலையே பெரிய அலையாக இருக்க வேண்டியதில்லை. அலைகளுக்கு இடையில் பல நிமிடங்கள் கடல் அமைதியாகத் தோன்றும். அந்த இடைவெளியில் கைபேசியையும் சான்றிதழையும் எடுக்கத் திரும்பி வருவோரைத் தடுப்பது இந்த ஒற்றை அதிகாரமே.

மூன்றாம் படி: பெயர்களும் இலக்கங்களும்

தேசிய இலக்கங்கள் நான்கு: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, தீயணைப்பு 110, சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 1990. இவற்றோடு பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், அருகிலுள்ள பொலிஸ் நிலையம், வைத்தியசாலை, மின்சார சபையின் பிரதேச அலுவலகம் ஆகியவற்றின் இலக்கங்களும் விடுதியின் ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வோர் ஆய்வுகூடக் கதவின் உட்புறத்திலும் அச்சிட்டு ஒட்டப்பட வேண்டும். வெளியிலிருந்து அம்புலன்ஸை அழைப்பவர் எந்த வாயிலுக்கு வரச் சொல்ல வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். பெரிய வளாகத்தில் அம்புலன்ஸ் பிரதான வாயிலில் நின்று வழி கேட்டுக்கொண்டிருப்பது வீணான நேரம்.

இதனினும் கடினமானது மாணவர் பட்டியல். விடுதியில் இருப்பவர்களை எண்ணுவது எளிது. விடுதி கிடைக்காமல் வந்தாறுமூலை, கொம்மாதுறை, செங்கலடி வீடுகளிலும், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை வீடுகளிலும் அறை எடுத்திருப்போரைப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் அறியாது. அவர்களின் பதிவேட்டில் இருப்பது ஊர் முகவரி. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பதிவுப் படிவத்தில் தற்போதைய தங்குமிடம், வீட்டு உரிமையாளரின் தொலைபேசி இலக்கம், ஊரில் அறிவிக்க வேண்டியவரின் இலக்கம் ஆகிய மூன்று வரிகளைச் சேர்த்தால் இந்தக் குறை நீங்கும். தங்குமிடங்களை வீதிவாரியாகப் பிரித்து, வீதிக்கு இரண்டு மாணவர் தொடர்பாளர்களை நியமித்து, ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் பொறுப்பேற்குமாறு செய்யலாம். இந்தப் பட்டியல் தனிப்பட்ட தகவல் என்பதால் அதனை வட்ஸ்அப் குழுவில் பகிரக் கூடாது, குறிப்பாகப் பெண் மாணவர்களின் தங்குமிட விபரங்களை. ஒரு பிரதி பதிவாளரிடமும் ஒரு பிரதி பாதுகாப்பு அலுவலகத்தில் முத்திரையிட்ட உறையிலும் இருக்கட்டும். கணினியில் மட்டும் இருக்கும் பட்டியல் மின்சாரம் போனதும் இல்லாமல் போகும்.

நான்காம் படி: செய்தி செல்லும் வழிகள்

வட்ஸ்அப் குழு இருக்கிறது என்ற நிம்மதியே பல வளாகங்களின் தகவல் திட்டம். அது பகல் நேரத்துக்கு நல்லது. ஆனால் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் தொலைத்தொடர்புக் கோபுரங்களின் மின்கலம் நீண்ட நேரம் தாங்காது. தரவுப் பொதி முடிந்த மாணவரிடம் எந்தக் குழுவும் பேசாது. உறங்குபவரின் கைபேசி ஒலியடங்கியிருக்கும். ஆகவே ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் வகையில் மூன்று வழிகளாவது வேண்டும்: கைபேசிக் குறுஞ்செய்தி, ஒலி, ஆள்.

ஒலி என்றால் மின்கலத்தில் இயங்கும் கையடக்க ஒலிபெருக்கி, கையால் சுழற்றும் சைரன், அல்லது சாதாரண வெண்கல மணி. பாடநேர மணியோடு குழம்பாத ஓர் ஒலிமுறையை நிர்ணயித்து, அதனைப் புதுமுக மாணவர்களின் அறிமுக நிகழ்விலேயே கேட்கச் செய்ய வேண்டும். வளாகத்துக்கு வெளியே தங்கியிருப்போருக்கு ஊர்ப் பள்ளிவாசலினதும் கோயிலினதும் ஒலிபெருக்கிகளைப் போல விரைவாகச் சென்றடையும் சாதனம் வேறில்லை. நிர்வாகசபைகளோடு முன்கூட்டியே பேசி, யார் அழைத்தால் அறிவிப்பார்கள் என்பதையும் அறிவிப்பின் வாசகத்தையும் எழுதிக் கொடுத்துவைக்க வேண்டும். அனர்த்தம் நிகழும்போது போய் அறிமுகம் செய்துகொள்ள முடியாது.

ஆள் என்பது கடைசிக் காப்பு. ஒவ்வொரு விடுதி மாடிக்கும் இரண்டு மாணவர்கள். அறைக் கதவுகளைத் தட்டி, வெளியேறிய அறையின் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இட்டுச் செல்வதே அவர்களின் வேலை. பட்டியலில் இல்லாத விருந்தினரும் இதனால் அகப்படுவர்.

இவ்விடத்தில் பெண்கள் விடுதியின் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரவு குறித்த நேரத்துக்குப் பின் வாயில் பூட்டப்படும் விடுதிகளில் திறப்பு ஒரே ஒருவரிடம் இருக்குமானால், அந்த ஒழுங்கு பாதுகாப்புக்காக ஏற்பட்டது என்று வாதிடுவது வீண். குறைந்தது மூன்று திறப்புகள் வேண்டும். ஒன்று காப்பாளரிடம், ஒன்று காவலரிடம், ஒன்று உள்ளே கண்ணாடிப் பெட்டியில். பின்பக்க வாயிலுக்கும் அதுவே. பொருள்கள் குவித்து அடைக்கப்பட்ட பின்வாயிலை வாயிலாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: செய்தியை எழுதுதல்

சட்டைப்பையில் வைத்திருக்கும் சாதாரண கைபேசிக்கும் செல்லும் என்பதால் குறுஞ்செய்தியே அடிப்படை. அதில் ஒரு தொழில்நுட்ப வரையறை உண்டு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள், தமிழிலும் சிங்களத்திலும் 70 மட்டுமே. அதிலும் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘கு’ இரண்டு, ‘க்’ இரண்டு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து செல்லும். நெரிசலான நேரத்தில் ஒரு துண்டு வந்து மற்றது பிந்தலாம். ஆகவே வாசகங்களை இப்போதே எழுதி, எண்ணி, சேமித்து வைக்க வேண்டும். ஒலுவில் போன்ற, மேற்கே உள்நிலம் விரியும் வளாகத்துக்கு ஓர் உதாரணம்: “சுனாமி எச்சரிக்கை. உடனே மேற்குப் பக்கம் செல்க. கடற்கரை வேண்டாம்.” இது இடைவெளிகளும் புள்ளிகளும் சேர்த்து 64.

இதே வாசகம் கல்லடிக்குப் பொருந்தாது. அங்கே மேற்கே இருப்பது வாவி. நகரப் பக்கம் செல்ல வேண்டுமானால் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். 1924இல் கட்டப்பட்ட பழைய பாலமும் அதன் அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் உள்ளன. எச்சரிக்கை நேரத்தில் காத்தான்குடிப் பக்கமிருந்தும் வாகனங்கள் அங்கேயே வந்து நெருங்கும். வாகனமின்றி நடந்து வெளியேறுவதையும், நேரம் போதாவிட்டால் பொறியியலாளர் முன்கூட்டியே பரிசோதித்து ஏற்றுக்கொண்ட கொங்கிறீற்றுக் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுவதையும் அங்குள்ள திட்டம் ஆராய வேண்டும். இம்முடிவை மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவோடு சேர்ந்தே எடுக்க வேண்டும்.

நல்ல செய்திக்குத் தேவையானவை: என்ன நடக்கிறது, யாருக்கு, என்ன செய்ய வேண்டும், அடுத்த செய்தி எத்தனை மணிக்கு. கடைசியாகச் சொன்னதையே பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ‘அடுத்த தகவல் 4.30க்கு’ என்று சொல்லிவிட்டு, புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 4.30க்கு ‘நிலைமையில் மாற்றமில்லை’ என்று அனுப்பினால், இடையில் பரவும் வதந்திகளுக்கு வேலை குறையும். ‘சம்பந்தப்பட்ட அனைவரும் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்ற, நமது சுற்றறிக்கைகளுக்கு மிகவும் பிரியமான வாக்கியத்தை இங்கே முற்றாகத் தவிர்க்க வேண்டும். அதைப் படித்தவர் எவரும் எழுந்து நடந்ததில்லை. ‘பீதியடைய வேண்டாம்’ என்று தொடங்குவதும் அவ்வாறே.

மூன்று மொழிகளும் ஒரே நேரத்தில் செல்ல வேண்டும். நமது வளாகங்களில் தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழ்ச் செய்தி சென்று அரைமணி நேரத்துக்குப் பின் மொழிபெயர்ப்பு செல்வது அவர்களை அரைமணி நேரம் ஆபத்தில் விடுவதாகும். அவர்களில் பலருக்கு இக்கரையின் கடலும் வாவியும் பழக்கமில்லை. எது எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கம்), எது படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) என்றும் தெரிந்திருக்காது. எனவே இடங்களை ஊர்வழக்கால் குறிக்காமல் வளாகத்தில் தெரியும் கட்டடப் பெயர்களால் குறிக்க வேண்டும். செவிப்புலன் குறைந்தோருக்கு மணியும், பார்வை குறைந்தோருக்குக் குறுஞ்செய்தியும் போதாது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே மாடியில் ஒரு துணைவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும்.

ஆறாம் படி: பரீட்சையும் விரிவுரையும் பாதுகாப்புச் செய்திகளே

இதனைத் தனிப்படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளக் காலத்தில் மாணவர்கள் ஆபத்தைச் சந்திப்பது பெரும்பாலும் வளாகத்துக்குள் அல்ல, வளாகத்துக்கு வரும் வழியில். நாளை பரீட்சை நடக்குமா என்று தெரியாத மாணவர் புறப்பட்டே தீருவார். கிரானில் புலிபாய்ந்தகல் வீதியில் நீர் ஓடும்போதும், மண்டூர்–குருமண்வெளித் துறையில் பாதைப் படகு நின்றுவிட்டபோதும், படுவான்கரையிலிருந்து வருபவர் வேறு வழி தேடுவார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஓடும் நீரைக் கடப்பார். யாழ்ப்பாணத்திலோ பதுளையிலோ இருப்பவர் முந்திய மாலையே பஸ் ஏறியிருப்பார். அன்று காலை எட்டு மணிக்கு வரும் ஒத்திவைப்பு அறிவித்தல் இவர்களில் எவருக்கும் உதவாது.

ஆகவே ஒத்திவைப்பு முடிவுக்கு ஒரு கடைசி நேரம் நிர்ணயிக்கப்பட வேண்டும். முந்திய நாள் பிற்பகல் இரண்டு மணி ஏற்றது. அந்நேரத்துக்குள் ஒத்திவைப்பா இல்லையா என்ற இரண்டில் ஒன்று வெளியாக வேண்டும். வீதி துண்டிக்கப்பட்டதால் வர முடியாதவருக்கு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு மீள்பரீட்சை உண்டு, அது முதல் அமர்வாகவே கருதப்படும் என்று செனற் முன்கூட்டியே தீர்மானித்து அறிவித்தால், எவரும் புள்ளிக்காக வெள்ளத்தில் இறங்கமாட்டார்கள். பணம் செலவாகாத, உயிர் காக்கக்கூடிய முடிவு இது.

ஏழாம் படி: ஆபத்து வாரியாகச் சில குறிப்புகள்

சுமாத்திராவில் ஏற்படும் அதிர்வை இங்கே பெரும்பாலும் எவரும் உணர்வதில்லை. எனவே ‘நிலம் அதிர்ந்தால் ஓடுங்கள்’ என்ற பொது அறிவுரையை நம்பியிருக்க முடியாது. அதிகாரபூர்வ எச்சரிக்கையும், கடல் வழமைக்கு மாறாக உள்வாங்குவதும் நமக்கான அறிகுறிகள்.

சூறாவளியில் காற்று திடீரென ஓய்ந்தால் அது முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மையப்பகுதி கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். கூரைத்தகடு, தென்னை, வேம்பு, கண்ணாடி யன்னல் ஆகியவற்றுக்கு விலகிய உள் அறைகளைக் குறித்துவைக்கவும். மின்பிறப்பாக்கி நிலமட்டத்தில் இருந்தால் அதை உயர்த்தும் வேலையும் செப்டெம்பர் பட்டியலில் சேரட்டும்.

ஆய்வுகூடத் தீ வேறு வகையானது. மின் தீக்கும் கொதிக்கும் எண்ணெய்க்கும் நீர் ஊற்றக் கூடாது. சோடியம் போன்ற உலோகங்கள் உள்ள இடத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்க வேண்டும். கண்ணில் இரசாயனம் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடங்களாவது கழுவிய பின்பே வேறெதுவும். சிற்றுண்டிச்சாலையின் எரிவாயு சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருப்பது நல்லது. தீயணைப்புக் கருவி சுவரில் தொங்குவது போதாது. அதன் அழுத்தமானி பச்சையில் நிற்கிறதா என்று மாதமொருமுறை பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

பாம்புக்கடி நமது வளாகங்களில் சுனாமியை விட எத்தனையோ மடங்கு நிகழக்கூடியது, குறிப்பாக வெள்ளநீர் ஏறி வளைகள் மூழ்கும் நாட்களில். கடித்த இடத்தை வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், வளையல்களைக் கழற்றி, கை காலை அசையாமல் வைத்து, 1990ஐ அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரம் போக்க வேண்டாம்.

பகிடிவதையும் வன்முறையும் அவசரநிலைகளே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவை குற்றங்கள். இவற்றுக்கான முறைப்பாட்டு இலக்கம் பொது எச்சரிக்கை இலக்கத்திலிருந்து வேறாக, முறைப்பாட்டாளரின் பெயரை வெளியிடாத ஒருவரிடம் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: ஒத்திகை

வருடத்துக்கு இரண்டு ஒத்திகைகள் போதும். அவற்றில் ஒன்று இரவில், முன்னறிவித்தலின்றி நடக்க வேண்டும். பகல் பத்து மணிக்குப் புகைப்படக்காரரோடு நடத்தப்படும் ஒத்திகையில் அறியக் கிடைப்பது மிகக் குறைவு. முழு இரவு ஒத்திகைக்குத் துணிவில்லாவிட்டால், சிறியதாகத் தொடங்கலாம்: ஒரு ஞாயிறு மாலை, மாவட்டத்திலிருந்து வருவது போன்ற ஒரு பரீட்சார்த்தச் செய்தியைக் கடமை அலுவலரிடம் மட்டும் கொடுத்துவிட்டு, அது ஒவ்வொரு விடுதி மாடியையும் ஒவ்வொரு வாடகை வீதியையும் எத்தனை நிமிடத்தில் அடைகிறது என்று குறித்துக்கொள்வது. செய்தியில் ‘ஒத்திகை’ என்ற சொல் மூன்று மொழிகளிலும் முதலில் இருக்க வேண்டும்.

ஒன்றுகூடும் இடத்தில் பெயர் அழைத்து எண்ணும் வேலையையும் அதே நாளில் பழக வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் பெற்றோருக்கான ஒரே தொலைபேசி இலக்கத்தைத் திறந்து, அதில் இருவர் அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். அனர்த்தத்தின்போது நூற்றுக்கணக்கான பெற்றோர் காப்பாளரின் கைபேசியையே அழைப்பார்கள். அது ஓயாமல் ஒலித்தால் அவரால் எவரையும் வழிநடத்த முடியாது.

ஒத்திகையோ உண்மையான நிகழ்வோ, முடிந்து ஒரு வாரத்துக்குள் காப்பாளர், காவலர், சிற்றுண்டிச்சாலைப் பணியாளர், மாணவர் தொடர்பாளர் ஆகியோரையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும். மாவட்டத்திலிருந்து செய்தி கிடைத்த நேரமும் கடைசி மாணவரை அது அடைந்த நேரமும் முதலில் வாசிக்கப்படட்டும். அதிக நேரம் தாமதமான இடம் எது என்று கண்டு, அதனைத் திருத்தும் பொறுப்பையும் திகதியையும் ஒருவரின் பெயருக்கு எதிரே எழுதிய பின்னரே கூட்ட அறிக்கையில் கையொப்பமிட வேண்டும்.